நன்மை வாங்கும் வரிசையில் நானும் நிற்கலாமா?

கிறிஸ்தவம் பற்றிக் கேட்க நினைத்தும் கேட்காமல் விட்டதை எழுதி அனுப்புங்கள் என்று சென்ற இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. எழுதியவர்களில் அதிகம் பேர் கிறிஸ்தவர்கள் இல்லை. பக்கத்து வீட்டிலும் ஆபீசிலும் பள்ளிக்கூட வாசலிலும் கிறிஸ்தவர்களோடு தினமும் பழகுகிற பெங்களூருத் தமிழர்கள். நான் சிவாஜிநகரில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்), அம்மா சி.எஸ்.ஐ. (புரட்டஸ்டன்ட் பக்கத்துத் தென்னிந்தியத் திருச்சபை). இரண்டு பக்கத்துப் பழக்கமும் வீட்டிலேயே கிடைத்ததால் இந்த முறை பதில் எழுதும் வேலை எனக்கு வந்தது.

எதிர் வீட்டு அக்கா தன் மகளின் புதுநன்மைக்குக் குடும்பத்தோடு வரச்சொல்லி அழைத்திருக்கிறார்கள். நாங்கள் கோவிலுக்குள் வரலாமா? எல்லோரும் வரிசையில் போய் வெள்ளையாக எதையோ வாங்கிச் சாப்பிடுவார்களாமே, நாங்களும் போக வேண்டுமா, போகாவிட்டால் தப்பாக நினைப்பார்களா? – வாசகி, அல்சூர்

தாராளமாகப் போங்கள். வாசலில் யாரும் எந்த மதம் என்று கேட்கப்போவதில்லை. மற்றவர்கள் செருப்பைக் கழற்றினால் நீங்களும் கழற்றுங்கள். எல்லோரும் எழுந்தால் எழுங்கள், முழங்கால் போடும்போது சும்மா உட்கார்ந்திருக்கலாம், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. காணிக்கைப் பை வந்தால் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

அந்த வரிசைக்கு மட்டும் போக வேண்டாம். அங்கே கொடுப்பது பிரசாதம் மாதிரி வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பது இல்லை. பார்த்தால் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு, காகிதம்போல மெல்லிய ஒரு அப்பம், கோதுமை மாவும் தண்ணீரும் தவிர வேறொன்றும் கிடையாது, புளிப்புச் சேர்ப்பதில்லை. பழைய ஆட்கள் ஓஸ்தி என்பார்கள், இப்போது நற்கருணை என்கிறோம், பேச்சில் நன்மை, அதை முதல்முறை வாங்குவதுதான் புதுநன்மை. இயேசு கொல்லப்படுவதற்கு முந்தின இரவு சீடர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அப்பத்தை எடுத்து, பிட்டு, இது என் உடல் என்று சொல்லிக் கொடுத்தார், பிறகு திராட்சை ரசக் கிண்ணத்தை எடுத்து, இது என் இரத்தம் என்றார், என் நினைவாக இதைச் செய்யுங்கள் என்றும் சொன்னார். பூசையில் குருவானவர் அதே வார்த்தைகளைச் சொல்லும்போது அந்த அப்பமும் ரசமும் உண்மையாகவே கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் ஆகிவிடுகின்றன என்பது கத்தோலிக்க நம்பிக்கை. அந்த நேரத்தில் சின்ன மணி அடிக்கும், கோவிலே அமைதியாகிவிடும், கவனித்துப் பாருங்கள். அதை நம்புகிறேன் என்று 'ஆமென்' சொல்லித்தான் வாங்க வேண்டும். நம்பாத ஒருவரை ஆமென் சொல்ல வைப்பது அவருக்கும் நியாயம் இல்லை, அப்பத்துக்கும் நியாயம் இல்லை.

என் புதுநன்மைக்கு முந்தின வாரம் மந்திரிக்காத வெறும் அப்பத்தைக் கொடுத்துப் பழக்கினார்கள். கடிக்காதே, நாக்கில் கரையவிடு என்று சிஸ்டர் சொல்லிச் சொல்லி அனுப்பினார், எனக்கோ அது மேல் அண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது, கையை வாயில் விடக்கூடாது என்ற பயத்தில் இடத்துக்குத் திரும்பி வரும்வரை நாக்கால் தள்ளிக்கொண்டே வந்தேன். வெள்ளை கவுன், கையில் மெழுகுவர்த்தி, பக்கத்தில் அம்மா. அந்த வரிசைக்கு அம்மா வரவில்லை. சி.எஸ்.ஐ. ஆட்களுக்கும் கத்தோலிக்கப் பூசையில் பொதுவாக நன்மை கிடையாது. இருபது வருடத்துக்கு மேல் எங்களோடு ஞாயிறு பூசைக்கு வந்து, அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு இடத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். நீங்களும் அப்படி உட்கார்ந்திருங்கள். உங்களைப்போல ஒவ்வொரு பெஞ்சிலும் ஒருவராவது இருப்பார்.

இயேசு கிறிஸ்தவரா, யூதரா? இந்த மதத்தை ஆரம்பித்தது அவரா, பவுலா? அவர் பிறந்த வருடத்தை வைத்துத்தான் கி.மு., கி.பி. என்றால் அவரே கி.மு.வில் பிறந்தார் என்று எங்கள் சார் சொல்கிறாரே, அது எப்படி? – கல்லூரி மாணவர், கம்மனஹள்ளி

யூதர். யூதத் தாய்க்குப் பிறந்து, நாசரேத்தில் வளர்ந்து, எருசலேம் ஆலயத்துக்குத் திருவிழாவுக்குப் போய், யூத வேதத்தைப் படித்து, யூதராகவே இறந்தவர். கிறிஸ்து என்பதும் அவர் பெயர் இல்லை, பட்டம். எபிரேயத்தில் மெசியா, கிரேக்கத்தில் கிறிஸ்து, எண்ணெய் பூசி அபிஷேகம் செய்யப்பட்டவர் என்று பொருள்.

உங்கள் சார் சொல்வது சரிதான். ஏரோது அரசன் உயிரோடு இருந்தபோது இயேசு பிறந்தார் என்று நற்செய்தி எழுதிய மத்தேயு சொல்கிறார், ஏரோது இறந்தது கி.மு. 4ல் என்பதுதான் பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் கணக்கு. இந்த ஆண்டுக்கணக்கைப் போட்டவர் ஆறாம் நூற்றாண்டில் ரோமில் இருந்த டயோனீசியஸ் என்ற துறவி, அவர் கணக்கில் சில வருடம் பிசகிவிட்டது.

முப்பது வயதுவாக்கில் ஊர் ஊராகப் போதிக்க ஆரம்பித்தார், அதிகம்போனால் மூன்று வருடம். ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் காலத்தில் (கி.பி. 26 முதல் 36 வரை) எருசலேமில் சிலுவையில் அறைந்து கொன்றார்கள். கிறிஸ்தவர்களைப் பிடிக்காத ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸே பிலாத்துவின் கீழ் கிறிஸ்து கொல்லப்பட்டதை எழுதிவைத்திருக்கிறார். மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்ததைப் பார்த்தோம் என்று சீடர்கள் சொல்லத் தொடங்கினார்கள். கிறிஸ்தவம் தொடங்கியது அந்தச் சாட்சியில்தான் என்பேன்.

பவுல் அதற்கு அப்புறம் வந்தவர், முதலில் இவர்களைத் தேடிப் பிடித்துச் சிறையில் போட்டவர். தமஸ்குவுக்குப் போகிற வழியில் மனம் மாறி, யூதரல்லாதவர்களிடமும் இதைக் கொண்டுபோனார். அவர் சபைகளுக்கு எழுதிய கடிதங்கள்தான் பைபிளின் இரண்டாம் பகுதியான புதிய ஏற்பாட்டிலேயே மிகப் பழையவை, சுமார் கி.பி. 50ல் தொடங்குகின்றன, இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு நற்செய்திகளும் பிறகுதான். 'கிறிஸ்தவர்' என்ற பெயரே முதலில் அந்தியோக்கியாவில், இன்றைய துருக்கியில், வழங்கியதாக அப்போஸ்தலர் பணிகள் என்ற பைபிள் நூல் சொல்கிறது. கிறிஸ்தவர்கள் ரோமப் பேரரசன் நீரோ காலத்தில் அடிபட்டு, இன்னும் பல அரசர்கள் காலத்திலும் அடிபட்ட பிறகு, 313ல் பேரரசர் கான்ஸ்டன்டைன் வழிபாட்டுச் சுதந்திரம் கொடுத்தார். சிலுவையில் அறைந்த அதே பேரரசு 380ல் இதையே அரச மதமாக்கியது. அது நல்லதற்கு மட்டும் வழிவிடவில்லை என்பது என் கருத்து.

நம் பக்கம் எப்போது வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சீடர் தோமா கி.பி. 52ல் கேரளக் கரைக்கு வந்து, மயிலாப்பூர்ப் பக்கத்தில் கொல்லப்பட்டார் என்பது மரபு. கல்வெட்டு மாதிரி ஆதாரம் கிடையாது, ஆனால் ஐரோப்பாவில் பல நாடுகள் கிறிஸ்தவத்தைக் கேள்விப்படும் முன்பே இந்தியாவில் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள் என்பதில் சந்தேகம் இல்லை.

வியாழக்கிழமைதோறும் விவேக்நகர் குழந்தை இயேசு கோவிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவேன். நான் கிறிஸ்தவள் இல்லை, கேட்டது கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான் தெரியும். அவர்கள் உண்மையில் எதை நம்புகிறார்கள்? மூன்று கடவுளா? – வாசகி, ஆஸ்டின் டவுன்

கடவுள் ஒருவர்தான். தந்தை, மகன், தூய ஆவி என்று மூன்று ஆட்களாக இருக்கிற ஒரே கடவுள். இதற்கு உவமை சொல்லப்போனால் எல்லா உவமையும் ஏதோ ஒரு இடத்தில் இடறும், அதனால் நான் சொல்லவில்லை. மகன் படைக்கப்பட்டவரா, தந்தைக்குச் சமமானவரா என்று பெரிய தகராறு வந்து, 325ல் நிசேயாவில் ஆயர்கள் கூடி, சமமானவர்தான் என்று அறிக்கை எழுதினார்கள். 381ல் கான்ஸ்டான்டிநோபிளில் விரிவான வடிவம் வந்தது. ஞாயிறு பூசையில் எல்லோரும் எழுந்து நின்று சொல்கிற நம்பிக்கை அறிக்கை அதிலிருந்து வந்ததுதான்.

ஆனால் மையம் என்ன என்று கேட்டால் நான் லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தைக் காட்டுவேன். அப்பா உயிரோடு இருக்கும்போதே சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போகிறான் இளையவன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பன்றி மேய்க்கிற வேலைக்கு வந்து, பன்றித் தீனியையாவது தின்னலாமா என்கிற நிலைமையில் அப்பா ஞாபகம் வருகிறது. கூலிக்காரனாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வசனமெல்லாம் தயார் செய்துகொண்டு திரும்புகிறான். அவன் தூரத்தில் வரும்போதே அப்பா பார்த்துவிடுகிறார். அந்தக் காலத்து யூதக் குடும்பத் தலைவர், வயதானவர், அங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடமாட்டார். இவர் ஓடுகிறார். ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து முத்தமிடுகிறார், மகன் தயார் செய்த வசனத்தை முடிக்கக்கூட விடவில்லை, நல்ல உடையைக் கொண்டுவா, விரலுக்கு மோதிரம் போடு என்கிறார். கடவுள் அந்த அப்பா மாதிரி என்றார் இயேசு. மனிதன் பாவத்தால் தூரம் போய்விட்டான், தானாகத் திரும்பி வரும் வழி தெரியவில்லை, கடவுளே மனிதனாகி இறங்கி வந்து சிலுவையில் தன்னைக் கொடுத்து, சாவை வென்று எழுந்து, வீட்டுக்கு வழி திறந்தார் என்பதுதான் கிறிஸ்தவ நம்பிக்கை. மன்னிப்பு நாம் சம்பாதிப்பது இல்லை, கிடைப்பது. அதற்கு 'அருள்' என்று பெயர், புரட்டஸ்டன்ட் பக்கம் 'கிருபை'.

மெழுகுவர்த்தியைத் தொடர்ந்து ஏற்றுங்கள். அந்தக் கோவில் வியாழக்கிழமைக் கூட்டத்தில் எல்லா மதத்தினரும் உண்டு.

நான் சி.எஸ்.ஐ. பெண், ஆர்.சி. வீட்டுக்கு மருமகளாக வந்தேன். மாமியார் 'சின்னப்பர்', 'அருளப்பர்' என்கிறார்கள், யார் என்றே தெரியவில்லை. ஒரே பைபிள்தானே, ஏன் இரண்டு தமிழ்? – வாசகி, லிங்கராஜபுரம்

எங்கள் வீட்டுக் கதையே இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். சின்னப்பர் உங்கள் பவுல், அருளப்பர் உங்கள் யோவான், இராயப்பர் பேதுரு, சூசையப்பர் யோசேப்பு, சந்தியாகப்பர் யாக்கோபு. பழைய கத்தோலிக்கர்கள் சில பெயர்களைப் பொருள் பார்த்துத் தமிழாக்கினார்கள். லத்தீனில் பவுலுஸ் என்றால் சிறியவர், சின்னப்பர் ஆனார். யோவான் என்ற எபிரேயப் பெயருக்குக் கடவுள் அருள்கூர்ந்தார் என்று பொருள், அருளப்பர் ஆனார். தேம்பாவணியில் வீரமாமுனிவர் யோசேப்பை வளன் என்கிறார், அந்தப் பெயருக்குப் பெருகச் செய்வது என்ற பொருள் இருப்பதால். நினைத்துப் பார்த்தால் எவ்வளவு அழகு! உங்கள் பக்கத்து மொழிபெயர்ப்பாளர்கள் எபிரேய, கிரேக்க மூலத்தின் ஒலியையே வைத்துக்கொண்டார்கள்.

இரண்டு மரபும் வேறு வேறு கப்பலில் வந்தவை. கத்தோலிக்கம் போர்த்துகீசியர்களோடு முத்துக்குளித்துறைக்கு வந்தது, 1542ல் சவேரியார். 1578ல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், இந்திய மொழி எழுத்தில் அச்சேறிய முதல் நூல், அது தமிழ் ஜெபப் புத்தகம். 1606ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவி கட்டி, தமிழும் சமஸ்கிருதமும் கற்று, கடவுளுக்குச் சர்வேசுரன் என்பது போன்ற சொற்களை வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். லுத்தர் 1517ல் ஜெர்மனியில் தொடங்கிய சீர்திருத்தத்தின் பிள்ளைகளான புரட்டஸ்டன்ட்கள், நொபிலி வந்து நூறு வருடம் கழித்து, 1706ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். அவர்களில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தார். அவர்களுக்கு எல்லோர் கையிலும் பைபிள் இருக்க வேண்டும், கத்தோலிக்கர்களுக்குப் பூசையும் ஜெபமாலையும் முக்கியம். சொல்லும் அதற்கேற்பப் பிரிந்தது: அங்கே சுவிசேஷம், ஞானஸ்நானம், திருவிருந்து, ஆராதனை, கர்த்தர், இங்கே நற்செய்தி, திருமுழுக்கு, நற்கருணை, பூசை, ஆண்டவர். சர்ச்சை நீங்கள் ஆலயம் என்பீர்கள், மாமியார் கோவில் என்பார். பைபிளிலும் சின்ன வித்தியாசம் உண்டு, உங்களுடையதில் 66 புத்தகம், அவர்களுடையதில் 73, கூடுதல் ஏழும் பழைய ஏற்பாட்டில்.

எங்கள் வீட்டில் இரவு ஜெபத்தில் அப்பா "பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே, உம்முடைய நாமம் அர்ச்சிக்கப்படுவதாக" என்று தொடங்குவார், அம்மா "பரமண்டலங்களில் இருக்கிற" என்று தொடங்கி "பரிசுத்தப்படுவதாக" என்று முடிப்பார். நான் பள்ளியில் படித்தது "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே". மூன்று குரலும் ஒரே நேரத்தில் ஓடும், 'எங்கள்' என்ற சொல்லில் மட்டும் எல்லோரும் சேருவோம். 1995ல் இரு தரப்பும் சேர்ந்து பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் கொண்டுவந்தார்கள், அதில் பவுல்தான், யோவான்தான். ஆனாலும் உங்கள் மாமியாருக்குச் சின்னப்பர்தான், விட்டுவிடுங்கள். அவர் ஜெபமாலை சொல்லும்போது பக்கத்தில் உட்காருங்கள், "அருள் நிறைந்த மரியே" உங்கள் வாயில் வராவிட்டாலும் பரவாயில்லை.

சிவாஜிநகர் மாதா கோவிலில் சிலைக்குச் சேலை கட்டுகிறார்கள், செப்டம்பரில் காவி உடுத்துகிறார்கள், தேர் இழுக்கிறார்கள். இது எங்கள் அம்மன் கோவில் மாதிரியே இருக்கிறதே? – வாசகர், பிரேசர் டவுன்

மாதிரிதான், தமிழர்கள் கட்டியெழுப்பிய பக்தி வேறெப்படி இருக்கும்? செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள்தான் அந்த இடத்தின் வேர், இப்போதுள்ள உயரமான கோவில் 1882ல் முடிந்தது. ஆகஸ்டு 29ல் கொடியேற்றம், ஒன்பது நாள் நவநாள், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள், அன்று தேர். காவியும் நேர்ச்சையும் வேளாங்கண்ணிப் பழக்கம்.

நம்பிக்கையில் மட்டும் ஒரு வித்தியாசம், அதைச் சொல்லியாக வேண்டும். மரியாள் தெய்வம் இல்லை. ஆராதனை கடவுளுக்கு மட்டும், மாதாவுக்கு வணக்கம், எங்களுக்காக மகனிடம் வேண்டிக்கொள்ளுங்கள் என்று கேட்பது. புரட்டஸ்டன்ட்கள் அதையும் செய்வதில்லை, நேரே இயேசுவிடம் கேட்பார்கள். அம்மா தேர் பார்க்க வருவார், கும்பிட மாட்டார்.

கிறிஸ்துமஸ் ஒரே தேதியில் வருகிறது, ஈஸ்டர் மட்டும் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது? – வாசகர், எலக்ட்ரானிக் சிட்டி

நிலாக் கணக்கு. மார்ச் 21 அன்றோ அதற்கு அப்புறமோ வரும் முதல் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். இயேசு கொல்லப்பட்டது யூதர்களின் பாஸ்கா பண்டிகையில், அது பௌர்ணமியை ஒட்டியது, அதனால். பெரிய பண்டிகை கிறிஸ்துமஸ் என்று வெளியே நினைக்கிறார்கள், உண்மையில் ஈஸ்டர்தான். அதற்கு முன் ஞாயிறுகளைக் கழித்து நாற்பது நாள் தவக்காலம். சாம்பல் புதனில் தொடங்கும், எங்கள் பாட்டி விபூதிப் புதன் என்பார். போன வருடத்துக் குருத்தோலைகளை எரித்த சாம்பல்தான் நெற்றியில் வைப்பது. பெரிய வெள்ளி அன்று சி.எஸ்.ஐ. சபைகளில் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றிப் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று வரை பிரசங்கம். கத்தோலிக்கர்களுக்குப் பதினான்கு நிலைகளில் சிலுவைப் பாதை. சனி இரவு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, வெளியே மூட்டிய புது நெருப்பில் பெரிய பாஸ்கா திரியை ஏற்றி, இருட்டுக் கோவிலுக்குள் கொண்டுவருவார்கள். ஒரு திரியிலிருந்து அடுத்தவர் திரி, அதிலிருந்து அடுத்தவர். முகம் முகமாக வெளிச்சம் ஏறுவதை ஒருமுறையாவது நேரில் பாருங்கள்.

கிறிஸ்தவத்தில் ஜாதி கிடையாதாமே? – பெயர் வேண்டாம் என்ற வாசகர்

நம்பிக்கையில் கிடையாது. யூதர், கிரேக்கர், அடிமை, சுதந்திரர் என்ற பேதம் கிறிஸ்துவில் இல்லை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதிவிட்டார். நடைமுறையில் உண்டு. தமிழ்நாட்டில் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலேயே ஜாதிச் சுவர் நிற்கிறது. பெங்களூருக்கு வந்து மூன்று தலைமுறை ஆனவர்கள்கூடப் பெண் பார்க்கும்போது "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்பார்கள், அவர்களுக்கு வேண்டியது ஊர் இல்லை. என் கல்யாணப் பேச்சிலும் ஒரு வீட்டில் கேட்டார்கள், அப்பா பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டார். ஒரே கிண்ணத்திலிருந்து நன்மை வாங்கிவிட்டு வெளியே வந்து இதைக் கேட்பது பாவம் என்று நான் நினைக்கிறேன், இதை மழுப்பிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போதாக்குறைக்கு, தலித் கிறிஸ்தவர்களுக்கு 1950 அரசாணைப்படி பட்டியல் சாதி உரிமையும் இல்லை. சீக்கியர்களுக்கு 1956லும் பௌத்தர்களுக்கு 1990லும் கிடைத்தது.

மதம் மாறும் எண்ணம் எல்லாம் இல்லை. பைபிளை ஒருமுறை படித்துப் பார்க்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது? – ஓய்வுபெற்ற ஆசிரியர், காக்ஸ் டவுன்

முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள் ஐயா. பலரும் ஆதியாகமத்தில் உற்சாகமாக ஆரம்பித்து லேவியராகமத்தில் நின்றுவிடுகிறார்கள். மாற்கு எழுதியதை எடுங்கள், பதினாறு அதிகாரம், நான்கில் சின்னதும் அதுதான், முதலில் எழுதப்பட்டதும் அதுதான் என்று அறிஞர்களில் பலர் சொல்கிறார்கள். ஒரே மாலையில் முடித்துவிடலாம். அப்புறம் மேலே சொன்ன லூக்கா 15, அதில் மூத்த மகன் கோபித்துக்கொண்டு வாசலில் நிற்கிற இடத்தை இரண்டு முறை படியுங்கள், அவன் கடைசியில் உள்ளே போனானா இல்லையா என்று இயேசு சொல்லவே இல்லை. அதற்கடுத்து மத்தேயு 5 முதல் 7 வரை, மலைப்பிரசங்கம். பழைய தமிழின் ஓசை பிடிக்கும் என்றால் பழைய வேதாகமம், சுலபமாக வேண்டும் என்றால் 1995 திருவிவிலியம். வாங்கக்கூட வேண்டாம், பக்கத்து வீட்டில் கேளுங்கள், கட்டாயம் ஒன்று கூடுதலாக இருக்கும்.